இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு நிலம்: ராய்ச்சூர் தோஆப் போர்களை வகுப்பறையில் கற்பித்தல்

ஏழாம் வகுப்பில் விஜயநகர, பாமினி அரசுகள் பாடம். கரும்பலகையில் 'போர்களுக்கான காரணங்கள்' என்று எழுதி, அடியில் எண்ணிட்டு மூன்று காரணங்களை எழுதினேன். ராய்ச்சூர் தோஆப் முதல் காரணம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், நடுவுல இருந்த ஊர்க்காரங்க யார் பக்கம் சார்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பாடநூலில் அரசர்கள் இருந்தார்கள், ஆண்டுகள் இருந்தன. நடுவில் இருந்த ஊர்க்காரர்கள் இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல மாதங்கள் படித்ததன் விளைவே இந்தக் கட்டுரை. ஏழாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் இந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஆறு, நிலம், எல்லை ஆகியவற்றைப் பற்றிப் பேச இதில் இடம் இருக்கிறது.

வரைபடத்திலிருந்து தொடங்குவோம்

இந்தப் பாடத்தை அரசர் பெயரில் தொடங்கினால் மாணவர்கள் பெயர்களைக் குழப்பிக்கொள்வார்கள். ஆற்றில் தொடங்கினால் மனத்தில் நிற்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாபலேசுவரம் அருகே தோன்றிக் கிழக்கே ஓடுகிறது கிருஷ்ணா. அதற்குத் தெற்கே, துங்கா, பத்திரா என்னும் இரு ஆறுகள் கூடி துங்கபத்திராவாகி வடகிழக்காக ஓடுகின்றன. கர்நூல் பகுதியில் துங்கபத்திரா கிருஷ்ணாவில் கலக்கிறது. இரண்டும் கலப்பதற்கு முன் அவற்றுக்கு நடுவில் ஆப்பு வடிவில் அகப்பட்டிருக்கும் நிலமே ராய்ச்சூர் தோஆப். 'தோ' என்றால் இரண்டு, 'ஆப்' என்றால் நீர். பாரசீகச் சொல் இது. பஞ்சாப் என்ற பெயரில் வரும் 'ஆப்' இதுவே என்று சொன்னால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இன்றைய கர்நாடகத்தின் ராய்ச்சூர், கொப்பள் மாவட்டங்களின் பெரும்பகுதி இதில் அடங்கும். தெலங்கானாவின் கத்வால் பகுதியும் இதன் கிழக்கு முனையில் இருக்கிறது. அப்பகுதி மக்கள் தங்கள் மண்ணை 'நடிகட்டா' என்கிறார்கள். தெலுங்கில் அதற்கு நடுநிலம் என்று பொருள்.

இந்த நிலத்துக்கு ஏன் இத்தனை போட்டி? மழை குறைவான பகுதிதான். ஆனால் கரிசல் மண் உண்டு. இரு பக்கமும் ஆறு உண்டு. ஹட்டியில் தங்கம் உண்டு. அங்கே பழங்காலச் சுரங்கக் குழிகள் இருக்கின்றன, இன்றும் தங்கம் எடுக்கப்படுகிறது. 1915இல் மஸ்கியில் அசோகரின் பாறைக் கல்வெட்டு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் கண்டவர் தங்கம் தேடிச் சென்ற பொறியாளர் ஒருவர். 'தேவனாம்பிய' என்று மட்டும் பல இடங்களில் குறிக்கப்பட்ட அரசர் அசோகரே என்பதை உறுதிப்படுத்தியது அந்தக் கல்வெட்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், நிலத்தின் அமைப்பு. வடக்கே ஆள்பவருக்குக் கிருஷ்ணாவைத் தாண்டி ஒரு காலடி வேண்டும். தெற்கே ஆள்பவருக்குத் துங்கபத்திராவைத் தாண்டி ஒரு காவல் வேண்டும். விஜயநகரத்தின் தலைநகர் துங்கபத்திராவின் தென்கரையிலேயே இருந்தது. தோஆப் எதிரியின் கையில் இருந்தால், எதிரி ஆற்றின் மறுகரையில் நிற்கிறான் என்று பொருள். அதனால்தான் ராய்ச்சூர், முத்கல் என்ற இரு கோட்டைகளின் பெயர்கள் இருநூறு ஆண்டுப் போர் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

நம் மெய்க்கீர்த்தியிலும் இதே நிலம்

தோஆப் என்றதும் நாம் பாமினி காலத்திலிருந்து தொடங்கிவிடுகிறோம். ஆனால் அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நிலத்துக்காகப் போர் நடந்திருக்கிறது. அதில் ஒரு தரப்பு சோழர்.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவர் வென்ற நாடுகளைப் பட்டியலிடுகிறது. பட்டியலின் தொடக்கத்திலேயே வருவது இடைதுறை நாடு. கன்னடக் கல்வெட்டுகளில் 'எடெதொரெ இரண்டாயிரம்' என்று குறிக்கப்படும் பகுதியே இது என்றும், அது கிருஷ்ணா, துங்கபத்திரா ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் என்றும் ஆய்வாளர்கள் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். தமிழில் இடைதுறை, பாரசீகத்தில் தோஆப், தெலுங்கில் நடிகட்டா. ஆண்டவர்களும் வாழ்ந்தவர்களும் மாறினாலும் பெயரின் பொருள் மாறவில்லை.

1021 வாக்கில் இராசேந்திரனும் மேலைச் சாளுக்கிய மன்னர் இரண்டாம் ஜெயசிம்மனும் முசங்கி என்ற இடத்தில் மோதினர். முசங்கியை மேலே சொன்ன மஸ்கி என்று கருதுவோர் உண்டு. ஜெயசிம்மன் புறமுதுகிட்டு ஓடியதாகச் சோழ மெய்க்கீர்த்தி சொல்கிறது. 1024ஆம் ஆண்டு மிராஜ் செப்பேட்டிலோ சோழரைத் துரத்தியடித்ததாக ஜெயசிம்மன் சொல்கிறார். அந்தச் செப்பேட்டில் அவர் தானம் கொடுக்கும் ஊர் இருப்பது எடெதொரெ நாட்டில்! இரண்டு தரப்பும் வென்றதாகச் சொல்கின்றன. மூன்றே ஆண்டுகளில் நிலம் யாரிடம் இருந்தது என்பதை ஒரு தானப் பதிவு காட்டிக்கொடுத்துவிடுகிறது. சான்றுகளை எப்படி வாசிப்பது என்று கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இன்னொரு கல்வெட்டையும் நாம் தயங்காமல் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். கர்நாடகத்தின் ஹொட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சோழப் படை ஒன்பது லட்சம் பேருடன் வந்து நாட்டைச் சூறையாடியதாகவும், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றதாகவும் குற்றம் சாட்டுகிறது. இது எதிரி எழுதியது; எண்ணிக்கை மிகைதான். ஆனால் எதிரி எழுதியது என்பதற்காக எல்லாமே பொய்யாகிவிடுமா? தஞ்சைக் கோயிலைக் கண்டு பெருமைப்படும் மாணவருக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும். மற்றவர் எழுதியதையும் படித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோழரும் சாளுக்கியரும் சிவன் கோயில் கட்டியவர்கள். ஒரே மாதிரி யாகம் செய்தவர்கள். அந்தணருக்குத் தானம் கொடுத்தவர்கள். ஆனாலும் இந்த ஆற்றிடை நிலத்துக்காகவும் கிழக்கே வேங்கிக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டார்கள். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் கொப்பத்தில் நடந்த போரில் முதலாம் இராசாதிராசன் யானைமேல் இருந்தபடியே உயிரிழந்தார். அவருடைய தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டார். இதை முதலில் கற்பித்துவிட்டால், அடுத்து வரும் விஜயநகர, பாமினிப் போர்களை மாணவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

விஜயநகரமும் பாமினியும்

விஜயநகர அரசு 1336இல் தோன்றியது. குல்பர்காவைத் தலைநகராகக் கொண்ட பாமினி அரசு 1347இல் தோன்றியது. இரண்டும் தில்லி சுல்தானியத்தின் பிடி தளர்ந்தபோது எழுந்தவை. முளைத்த சில ஆண்டுகளிலேயே தோஆப் பகுதிக்காக மோதத் தொடங்கிவிட்டன. கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகமும், கொங்கணக் கடற்கரையும் மற்ற இரு மோதல் களங்கள். கொங்கணத்தில் கோவா துறைமுகம் இருந்தது. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரைகள் வந்து இறங்கியது அங்கேதான். குதிரை இல்லாமல் அன்று படை இல்லை.

எல்லாப் போர்களையும் சொல்ல வேண்டியதில்லை. நான்கைந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், போக்கு புரிந்துவிடும்.

1367: முதலாம் புக்கர் முத்கல் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். அங்கிருந்த பாமினிக் காவல் படை கொல்லப்பட்டது. பதிலுக்கு சுல்தான் முதலாம் முகமது ஷா ஆற்றைக் கடந்து சென்று பெரும் அழிவை உண்டாக்கினார். கடைசியில் இரு தரப்பும் களைத்துப்போய், இனி ஆயுதம் ஏந்தாத மக்களைக் கொல்வதில்லை என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்ததாக வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதுகிறார்.

1406: முதலாம் தேவராயர் முத்கலைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லரின் மகளை விரும்பிப் படை அனுப்பியதாகவும், அதனால் போர் மூண்டதாகவும் ஒரு கதை உண்டு. பிரோஷ் ஷா வென்றார். தேவராயர் தம் மகளைச் சுல்தானுக்கு மணமுடித்துக் கொடுத்தார். பங்காப்பூர் கோட்டை சீதனமாகப் போனது. ஆனால் திருமணம் பகையைத் தீர்க்கவில்லை. 1420 வாக்கில் பாங்கல் கோட்டை அருகே அதே பிரோஷ் ஷா தேவராயரிடம் தோற்றார்.

1443: இரண்டாம் தேவராயர் துங்கபத்திராவைக் கடந்தார். மூன்று கடும் சண்டைகள் நடந்தன. முடிவில் போருக்கு முன் எல்லை எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "அப்படியென்றால் போரில் என்ன மாறியது?" என்று கேட்டுப் பாருங்கள். "எதுவும் மாறல" என்று ஒருவர் சொல்வார். "செத்தவங்க செத்துட்டாங்களே" என்று இன்னொருவர் சொல்வார். இந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் இந்தப் பாடம்.

1520: ராய்ச்சூர் முற்றுகை

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாமினி அரசு பீஜப்பூர், அகமதுநகர், பீரார், பீதர், கோல்கொண்டா என ஐந்தாக உடைந்தது. தோஆப் பகுதிக்கான போட்டி பீஜப்பூர் கைக்கு மாறியது. விஜயநகரத்தில் 1509இல் கிருஷ்ணதேவராயர் அரியணை ஏறினார்.

1520 மே மாதம் அவர் ராய்ச்சூரை முற்றுகையிட்டார். கோட்டையை மீட்க பீஜப்பூர் சுல்தான் இஸ்மாயில் ஆதில் ஷா கிருஷ்ணாவைக் கடந்து வந்தார். அவரிடம் பீரங்கிகள் நிறைய இருந்தன. முதல் வெடியிலேயே விஜயநகர முன்படை குலைந்தது. ஆனால் பீரங்கிகளை மறுபடி நிரப்ப நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கிருஷ்ணதேவராயர் தாமே முன்னின்று பின்படையைத் திரட்டித் தாக்கினார். பீஜப்பூர் படை ஆற்றை நோக்கி ஓடியது. பலர் வெள்ளத்தில் மூழ்கினர். எந்த ஆறு எல்லையாக இருந்ததோ, அதே ஆறு பின்வாங்க முடியாத சுவராகவும் ஆனது.

பிறகு கோட்டை. விஜயநகர வீரர்கள் மதிலின் கற்களைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து கல்லும் அம்பும் விழுந்தன. அப்போது போர்த்துக்கீசியர் கிறிஸ்டோவா டி பிகரெடோ இருபது துப்பாக்கி வீரர்களுடன் வந்து சேர்ந்தார். மதில்மேல் தலை காட்டியவர்களை அவர்கள் சுட்டார்கள். கீழே கல் பெயர்ப்பவர்களுக்கு வேலை எளிதானது. நிலைமையைப் பார்க்க எட்டிப்பார்த்த கோட்டைத் தலைவரும் சுடப்பட்டு இறந்தார். நகரம் பணிந்தது. ஊர்க்காரர்களின் உடைமைக்குத் தீங்கு வராது என்று அரசர் உறுதி அளித்ததாக நூனிஸ் எழுதுகிறார். என் மாணவி கேட்ட ஊர்க்காரர்கள் இங்கே ஒரு கணம் தலை காட்டுகிறார்கள்.

வெற்றி எத்தனை நாள் நிலைத்தது? கிருஷ்ணதேவராயர் 1529இல் மறைந்ததும் பீஜப்பூர் ராய்ச்சூரையும் முத்கலையும் திரும்பப் பிடித்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள்தான்.

1565ம் அதற்குப் பிறகும்

1565 சனவரி 23 அன்று நடந்த தலைக்கோட்டைப் போரைப் பாடநூல் நன்றாகவே விளக்குகிறது. அதைத் திருப்பிச் சொல்லவில்லை. போருக்கு முந்தைய உறவுகளை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இராமராயர் ஒரு சுல்தானுடன் சேர்ந்து இன்னொரு சுல்தானை அடிப்பதையே தம் அரசியலாக வைத்திருந்தார். கோல்கொண்டாவின் இப்ராகிம் குதுப் ஷா அரசராவதற்கு முன் ஏழு ஆண்டுகள் விஜயநகரத்தில் அடைக்கலம் பெற்று வாழ்ந்தவர். அவரே 1565இல் இராமராயரை எதிர்த்த கூட்டணியில் இருந்தார். போருக்குப் பின் ராய்ச்சூரும் முத்கலும் பீஜப்பூருக்குச் சென்றன. நூற்றாண்டுகள் கழித்து அதே நிலத்தை ஐதராபாத் நிசாம் கடனுக்காக 1853இல் ஆங்கிலேயக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1860இல் திரும்பப் பெற்றார். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது ராய்ச்சூர் மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. இந்த முறை எல்லையைப் படை வரையவில்லை, நாடாளுமன்றம் வரைந்தது.

இது மதப் போரா?

இந்தக் கேள்வி வகுப்பில் வந்தே தீரும். மாணவர் கேட்காவிட்டாலும் மனத்தில் இருக்கும். ஆசிரியர் நழுவக் கூடாது.

சான்றுகள் சொல்வதை வரிசையாக வைப்போம். ஒன்று, இதே நிலத்துக்காக ஒரே சமய மரபைச் சேர்ந்த சோழரும் சாளுக்கியரும் போரிட்டிருக்கிறார்கள். இரண்டு, கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூருக்கு முன் பல ஆண்டுகள் போரிட்டது ஒடிசாவின் கஜபதி மன்னருடன். மூன்று, பாமினியிலிருந்து பிரிந்த சுல்தான்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் போரிட்டார்கள். நான்கு, இரண்டாம் தேவராயர் தம் படையில் முஸ்லிம் வில் வீரர்களையும் குதிரை வீரர்களையும் சேர்த்தார். அவர்கள் மரியாதை செலுத்துவதற்கு வசதியாகத் தம் அரியணைக்கு முன் குர்ஆனை வைக்கச் செய்தார் என்று பெரிஷ்டா எழுதுகிறார்.

அதே சமயம் மதத்துக்கு இடமே இல்லை என்று சொல்வதும் உண்மையாகாது. அக்கால எழுத்துகள் எதிரியை மதத்தின் பெயரால் இழித்துப் பேசுகின்றன. போரில் வழிபாட்டு இடங்களும் அழிந்திருக்கின்றன. மதம் போரை நியாயப்படுத்தும் மொழியாக இருந்தது. போர் நிலத்துக்கும் கோட்டைக்கும் வரிக்கும் குதிரைக்கும் நடந்தது. இந்த வேறுபாட்டை ஏழாம் வகுப்பு மாணவர் புரிந்துகொள்வார். ஆனால் 'நம்ம ஆளு', 'அவங்க ஆளு' என்ற சொற்களை ஆசிரியர் வாயிலிருந்து கேட்டால் புரிந்துகொள்ள மாட்டார். ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இன்னொரு தோஆப் உருவாக நம் பாடம் காரணமாகிவிடக் கூடாது.

யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள்?

1367 போரைப் பற்றியும் பொற்கொல்லர் மகள் கதையைப் பற்றியும் நமக்குச் சொல்பவர் பெரிஷ்டா. அவர் பீஜப்பூர் அரசவையில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அதாவது 1406 போருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. தம் ஆதரவாளரின் எதிரிநாட்டு அரசரைப் பற்றி ஒரு பெண்ணாசைக் கதையைச் சொல்கிறார். நம்பலாமா? எவ்வளவு நம்பலாம்?

1520 போரைச் சொல்பவர் நூனிஸ். குதிரை வணிகராக வந்து, போர் நடந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் விஜயநகரத்தில் வாழ்ந்தவர். காலத்தால் நெருக்கமானவர், ஆனால் போர்த்துக்கீசியர். இருபது போர்த்துக்கீசியத் துப்பாக்கிகள் கோட்டையை வென்றுதந்ததாக அவர் சொல்லும்போது நாம் ஒருமுறை நிதானிக்க வேண்டும்.

இந்த இருவரையும் அருகருகே வைத்து, 'சொன்னவர் யார், எந்தப் பக்கம், எவ்வளவு காலம் கழித்து?' என்ற மூன்று கேள்விகளை மாணவர்களைக் கேட்கப் பழக்கினால், வாட்ஸ்அப்பில் வரும் வரலாற்றையும் அவர்கள் அதே கேள்விகளோடு அணுகுவார்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. தரையில் ஆறு (3 முதல் 7ஆம் வகுப்பு வரை): வகுப்பறைத் தரையில் அல்லது மரத்தடியில் சுண்ணக்கட்டியால் இரண்டு ஆறுகளை வரையுங்கள். நடுவில் நான்கு மாணவர்கள் நிற்கட்டும், அவர்கள் ஊர்மக்கள். வடக்கே ஒரு குழு, தெற்கே ஒரு குழு. ஆசிரியர் ஓர் ஆண்டைச் சொல்லும்போதெல்லாம் வென்ற குழு ஆற்றைத் தாண்டி நடுநிலத்துக்கு வந்து, நடுவில் இருப்பவர்களிடம் 'வரி' என்று ஒரு புளியங்கொட்டையை வாங்கிச் செல்லட்டும். ஐந்தாறு சுற்றில் நடுவில் இருப்பவர்களின் கை காலியாகிவிடும். அப்போது அவர்களைப் பேசச் சொல்லுங்கள். வாள் சண்டை நடிப்பு வேண்டாம். பிள்ளைகளின் கவனம் அதிலேயே போய்விடும்.

2. எண்ணிக்கையைச் சோதிப்போம் (7 முதல் 10 வரை): கிருஷ்ணதேவராயரின் படையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட காலாட்களும் 32,600 குதிரைகளும் இருந்ததாக நூனிஸ் எழுதுகிறார். நால்வர் நால்வராக, வரிசைக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் ஏழு லட்சம் பேர் நடந்தால் வரிசையின் நீளம் என்ன? 175 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டிவிடும்! ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர், குதிரைக்கு 30 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைய குடிநீர் மட்டும் ஏறத்தாழ 23.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய 200 லாரிகள். மே மாதத்தில், ராய்ச்சூரில். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு மாணவர்களே சொல்வார்கள், எண் மிகை என்று. ஆனால் நூனிஸ் சொல்லும் இன்னொரு செய்தியையும் சேருங்கள்: தோல்பையுடன் தண்ணீர் சுமப்பதற்கென்றே பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் படையோடு சென்றார்கள். அந்த எண்ணும் மிகையாக இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு கூட்டம் இல்லாமல் எந்தப் படையும் நகர்ந்திருக்க முடியாது. வரலாற்றில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

3. இரண்டு செய்தித்தாள்கள் (8 முதல் 11 வரை): முசங்கிப் போரை ஒரு குழு சோழநாட்டுச் செய்தியாகவும், இன்னொரு குழு சாளுக்கியநாட்டுச் செய்தியாகவும் பத்து வரிகளில் எழுதட்டும். மூன்றாம் குழு இரண்டையும் வாங்கி, இரண்டிலும் பொதுவாக உள்ளவற்றை மட்டும் அடிக்கோடிடட்டும். அடிக்கோடு எவ்வளவு குறைவு என்பதை அவர்களே காண்பார்கள்.

4. ஒப்பிடுவோம் (10, 11): அல்சேஸ்-லொரைன் 1871இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனிக்குப் போய், முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சிடம் திரும்பியதைப் பத்தாம் வகுப்பில் படிக்கிறார்கள். சைலேசியாவை 1740இல் பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக் ஆஸ்திரியாவிடமிருந்து பறித்தார். அதற்காக 1763 வரை மூன்று போர்கள் நடந்தன. இவற்றையும் தோஆப் பகுதியையும் நிலவளம், கனிமம், கோட்டை, ஆறு, மக்கள் மொழி என்ற ஐந்து தலைப்புகளில் அட்டவணைப்படுத்தச் சொல்லுங்கள். எல்லைநிலப் போர் எந்த ஒரு மதத்துக்கும் நாட்டுக்கும் மட்டும் உரியதன்று என்பது அட்டவணையிலேயே தெரியும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

- ராய்ச்சூர் தோஆப் வடக்கு அரசுக்கும் தெற்கு அரசுக்கும் ஒரே அளவு முக்கியமானது ஏன்? வரைபடம் வரைந்து விளக்குக.
- முசங்கிப் போரில் வென்றவர் யார்? உன் முடிவுக்கு எந்தச் சான்று உதவியது?
- 1443 போருக்குப் பின் எல்லை மாறவில்லை. அந்தப் போரை வெற்றி என்பாயா, தோல்வி என்பாயா, வேறு சொல் சொல்வாயா?
- பெரிஷ்டா, நூனிஸ் ஆகிய இருவரில் 1520 போருக்கு யாருடைய பதிவை முதலில் படிப்பாய்? காரணம் கூறுக.
- 1956இல் எல்லை மாறிய முறைக்கும் 1520இல் மாறிய முறைக்கும் உள்ள வேறுபாடு என்ன?

இவற்றுக்கு ஒரே சரியான விடை கிடையாது. மதிப்பெண் விடைக்கு அன்று, காட்டும் காரணத்துக்கு.

அந்தக் கேள்விக்குப் பதில்

ராய்ச்சூர் கோட்டை மதிலில் ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள ஒரே கல் இருக்கிறது. காகதியர் காலத்தில், 1294இல், கோட்டை கட்டப்பட்டதைச் சொல்லும் தெலுங்குக் கல்வெட்டு அதில் உள்ளது. அந்தப் பெருங்கல்லை வண்டியில் ஏற்றி எருமைகளைப் பூட்டி இழுத்து வரும் காட்சியும் மதிலில் செதுக்கப்பட்டிருக்கிறது. வண்டியோடு ஆட்கள் இருக்கிறார்கள். காகதியர் போனார்கள், பாமினியர் போனார்கள், விஜயநகரமும் பீஜப்பூரும் போயின. கல்லை இழுத்தவர்கள் அங்கேயே நிற்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அதே பாடம் வந்தபோது அந்தச் செதுக்கலைப் பற்றிச் சொன்னேன். பாடம் முடிந்ததும், அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த அந்த மாணவியை மதிய உணவு இடைவேளையில் பார்த்து, "நீ போன வருஷம் கேட்டியே, அவங்க யார் பக்கமும் இல்லம்மா. அவங்க அந்த ஊர்ப் பக்கம்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அதைப் பரீட்சைல எழுதலாமா சார்?" என்றாள்.

எழுதலாம் என்று சொன்னேன். அப்படி எழுதும் விடைக்கு நாம் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.